வலிச்சா சொல்லு, மச்சான்

யாராக், டக்கார்
பிப்ரவரி 11

ஜேகான் ஃபாய்க்கு,

இந்தக் கடிதத்தை உன் தங்கை யாந்தே மீன் கூடைக்கு அடியில் வைத்துக் கொண்டுவருகிறாள். வாடை அடித்தால் என்னைத் திட்டாதே. போட்டி முடியும்வரை உன் வஸ்தாதும் என் வஸ்தாதும் நம் போன்களைப் பிடுங்கி வைத்திருக்கிறார்கள். இரண்டு பயிற்சிக்கூடத்துக்குள்ளும் தடையில்லாமல் போய்வருகிற ஒரே ஆள் மீன்காரிதான். ஏப்ரலில் அரங்கத்தில் மோதப்போகிற இரண்டு பயில்வான்கள் கடிதம் எழுதிக்கொள்வது வெளியே தெரிந்தால், பேசிவைத்து ஆடுகிறார்கள் என்று ஊரே காறித் துப்பும். படித்ததும் அடுப்பில் போடு.

முதலில் முறையை முடித்துவிடுகிறேன். நீ செரேர் இனம், நான் ஜோலா இனம். ஒரே படகில் ஏறிக் கடலில் பிரிந்துபோன அக்கா தங்கையின் வாரிசுகள் நாம். உன்னைக் கேலி செய்வது என் பிறப்புரிமை. அடே சோற்றுமூட்டை, எங்கள் குலத்து அடிமையே, சுகமா?

இனி விஷயம். சனிக்கிழமை டிவிக்காரர்கள் நம்மை மூக்கோடு மூக்கு நிறுத்தினார்களே, அப்போது நீ என் நெஞ்சில் கைவைத்துத் தள்ளினாய். நான் உன் இடது தோளைப் பிடித்தேன். என் உள்ளங்கைக்குள் ஏதோ களுக்கென்று இடம் மாறி, மறுபடி உள்ளே போனது. அது எலும்பு. அந்த வலிக்குக் காளைமாடுகூடக் கத்தும். நீ சிரித்தாய்.

விளக்கு மங்கலான அந்தக் கூடத்தில் உன் கண்மணி மிளகு மாதிரி சுருங்கியிருந்தது. ஓயாமல் மூக்கைச் சொறிந்துகொண்டிருந்தாய். எந்த வலி மாத்திரை என்று நான் சொல்ல வேண்டியதில்லை. சந்தையில் வேர்க்கடலையோடு சேர்த்து விற்கிறார்கள்.

உன்னை ஜெயிக்க எனக்கு ஆசைதான். டக்கார் முழுக்க உன் முதுகில் ஒட்டிய மணலைப் பார்க்க வேண்டும். ஆனால் ஒன்று கேட்கிறேன். அரங்கத்தில் நான் உன் கையை முறுக்குவேன். வலித்தால் நெளிவாய், முனகுவாய். அதை வைத்துத்தான் எவ்வளவு முறுக்கலாம் என்று என் கைக்குத் தெரியும். உனக்கு வலிக்கவே வலிக்காவிட்டால் எங்கே நிறுத்துவது என்று எனக்கு யார் சொல்வார்கள்? உன் கை தனியே என்னோடு வந்துவிட்டால் அதை நான் எங்கே கொண்டுபோய் வைப்பது?

அன்சுமானா ஜாத்தா


தியாரோய்
பிப்ரவரி 14

டேய் அன்சுமானா,

கடுதாசிய அடுப்புல போடல. யாந்தே சத்தமா படிச்சுக் காட்டினா, நான் பல்லு விளக்கிட்டு இருந்தேன். சோத்துமூட்டைங்கற இடத்துல அவ விழுந்து விழுந்து சிரிச்சா. ஒரு தட்டு சோத்துக்கு மூணு தடவ கை கழுவுற ஜோலாப்பய என்னைச் சோத்துமூட்டைங்கறான். காலக் கொடுமை.

பயமா இருக்குன்னு நேரா சொல்லிட்டுப் போயேன். தோளு, எலும்பு, களுக்குன்னு எதுக்குடா இவ்ளோ சுத்தி வளைக்கிற? நான் ஜோவால் சுறா. எங்கம்மா என்னைப் பெத்தப்ப கடல் மூணு அடி பின்னால போச்சாம். உன்னை உங்க ஊருப் பேரோட பிஞோனாப் பனைன்னு கூப்பிடறாங்க. பனை உசரமாத்தான் இருக்கும். ஆனா சாஞ்சா நிழல்கூட மிஞ்சாது.

தோளுக்கு ஒண்ணுமில்ல. சட்டை போடறப்ப மட்டும் யாந்தே கைய உள்ள விட்டுவிடறா. சோறு வலது கையாலதான திங்கறேன், அப்புறம் என்ன. மாத்திரை எங்க வஸ்தாது மோதூ குடுக்கறதில்ல, நானா வாங்கிக்கறதுதான். பயிற்சிக்கு முன்னால ரெண்டு. முன்னல்லாம் ரெண்டு. இப்ப கொஞ்சம் கூட. அதப் போட்டா டயரக் குத்தறப்ப பஞ்ச குத்தற மாதிரி இருக்கு. மனசும் லேசாயிடுது. உனக்கென்ன அதுல?

அப்புறம் ஒரு சந்தேகம். பாம்பின் கால் பாம்பறியும்னு சொல்வாங்க. கண்ணு மிளகாச்சு, மூக்கச் சொறிஞ்சேன்னு இவ்ளோ நுணுக்கமா எழுதறியே, உனக்கு எப்படிடா தெரியும்? பதில் எழுது. இல்லன்னா தொடையத் தட்டிக்கிட்டு உங்க கூடத்துக்கே வந்துடுவேன்.

ஜேகான்


யாராக்
பிப்ரவரி 19

ஜேகான்,

சரியாகத்தான் பிடித்தாய். பாம்புதான் நான்.

முழங்காலுக்குள் மணல் அரைபடுகிற மாதிரி ஒரு வலி. நவம்பரில் வந்தது. வஸ்தாதிடம் சொன்னால் போட்டியை வேறொருவனுக்குக் கொடுத்துவிடுவார்கள் என்று சொல்லவில்லை. கூடத்தில் ஒருவன் மாத்திரை நீட்டினான். அன்று மாலை நான் கடற்கரையில் குதிரை மாதிரி ஓடினேன். இத்தனை நாள் ஏன் இதைச் சாப்பிடாமல் இருந்தோம் என்றுகூட நினைத்தேன்.

போன மாதம் நடந்ததைக் கேள். எல்லோரும் தேநீர் போட உட்கார்ந்திருந்தோம். கரியடுப்பு என் பக்கத்தில். நான் மாத்திரை மயக்கத்தில் சுவரில் சாய்ந்திருந்தேன். நல்ல கறி வாசனை வந்தது. இன்றைக்கு ஆடு அடித்தார்களா என்று கேட்டேன். எல்லோரும் என் காலைப் பார்த்தார்கள். அடுப்பின் ஓரத்தில் என் பாதம் வெந்துகொண்டிருந்தது. பயல்கள் என்னைத் தூக்கினார்கள். நான்தான் கடைசியாகப் பதறினேன்.

அன்றிலிருந்து கண்ணாடியில் என் கண்ணைப் பார்க்கிறேன். அதனால்தான் உன் கண் தெரிந்தது.

ஒரு யோசனை. தனியாக விட எனக்குத் தெம்பில்லை. உன்னோடு போட்டி என்றால் விடுவேன். வருகிற ஞாயிற்றுக்கிழமை முதல் இருவரும் ஒரே மாதிரி நிறுத்துவோம். எவன் முதலில் மாத்திரையைத் தொடுகிறானோ அவன் தோற்றவன். யாந்தேதான் நடுவர். அவளிடம் பொய் சொல்ல உன்னாலும் முடியாது, என்னாலும் முடியாது. நேற்று ஒரு கெட்ட மீனை என் தலையில் கட்டப் பார்த்தாள். கேட்டதற்கு, மீன் நல்ல மீன்தான், பார்க்கிற கண்தான் கெட்டது என்கிறாள்.

அன்சுமானா


பிப்ரவரி 20

ஞாயித்துக்கிழமை. சரி. தோத்தவன் ஜெயிச்சவனோட வஸ்தாதுக்குக் கால் அமுக்கணும்.

சுறா


யாராக்
பிப்ரவரி 27

ஜேகான்,

உயிரோடுதான் இருக்கிறாயா? நான் இருக்கிறேன் என்று சொல்ல முடியவில்லை. மூக்கும் கண்ணும் மழைக்காலத்துக் கூரை மாதிரி ஒழுகுகின்றன. வயிற்றைப் பற்றி எழுதினால் யாந்தே படிப்பாள், வேண்டாம். தோலுக்கடியில் எறும்பு ஊர்கிறது. வானொலியில் சோப்பு விளம்பரம் வந்தது. ஒரு தாய் குழந்தையைக் குளிப்பாட்டுகிறாள், அவ்வளவுதான். நான் தேம்பித் தேம்பி அழுதேன். நூற்றிருபது கிலோ ஆள் சோப்புக்கு அழுததை என் வஸ்தாது பார்த்துவிட்டு, போட்டிக்கு முன் வருகிற பக்குவம் இது என்று எல்லோரிடமும் பெருமையாகச் சொல்லிக்கொண்டிருக்கிறார்.

முழங்கால் முழு வீச்சில் திரும்பி வந்துவிட்டது. கூடவே உறவினர்களையும் கூட்டிவந்திருக்கிறது. இடுப்பு, கழுத்து, மூன்று வருடத்துக்கு முன் உடைந்த சுண்டுவிரல்.

நான் இன்னும் தொடவில்லை. நீ? யாந்தே இரண்டு நாளாக இந்தப் பக்கம் வரவில்லை. வேறு மீன்காரியிடம் கொடுத்தனுப்புகிறேன். உடனே பதில் போடு.

அன்சுமானா


தியாரோய், சுகாதார நிலையம்
மார்ச் 2

மச்சான்,

நானும் தொடல. அதுதான் பிரச்சினையே.

வியாழக்கிழமை காலைல டயரக் குத்திக்கிட்டு இருந்தேன். அப்புறம் வானம் தெரிஞ்சுது. நடுவுல என்ன நடந்துச்சுன்னு மத்தவங்க சொல்லித்தான் தெரியும். கை கால் வெட்டி இழுத்துச்சாம், வாயில நுரை தள்ளுச்சாம். வஸ்தாது மோதூ உடனே கண்டுபிடிச்சுட்டாரு, இது ஜோலாக்காரன் வச்ச சூனியம்னு. ஓதி வச்ச பால் பாட்டில் எல்லாத்தையும் ஒண்ணொண்ணா திறந்து என் தலைல ஊத்தினாங்க. ஏப்ரல்ல ஜெயிக்கறதுக்காக மேல ஊத்திக்கன்னு சேத்து வச்சிருந்த பாலு. யாந்தே வந்து பாத்துட்டு, இவனைக் குளிப்பாட்டறீங்களா, தயிராக்கறீங்களான்னு கத்தி, எல்லாரையும் விலக்கி, மீன் ஏத்தற குதிரை வண்டில என்னைத் தூக்கிப் போட்டா. பாலும் மீனும் சேந்து நான் மணந்த மணத்துல ரோட்டுல வழி தானா விட்டுச்சு.

இங்க டாக்டர் ரொக்காயான்னு ஒரு அம்மா. என் கையளவுதான் உசரம். நான் பந்தயத்தைச் சொன்னதும் கண்ணாடியக் கழட்டி மேசைல வச்சுட்டாங்க. இவ்ளோ தின்னுட்டிருந்தவன் ஒரே நாள்ல நிறுத்தினா இப்படித்தான் இழுத்துக்கும், செத்தும் போகலாம், படிப்படியா கொறைக்கணும், அதுவும் அவங்க கண்ணு முன்னால கொறைக்கணும்னு சொன்னாங்க. இந்த யோசனை எந்த அறிவாளியோடதுன்னு கேட்டாங்க. பேரச் சொல்லல, ஒரு ஜோலாப்பயன்னு மட்டும் சொன்னேன். அவனையும் கூட்டிட்டு வான்னாங்க.

தோளப் படம் புடிச்சாங்க. மூட்டு உக்கார்ற குழியோட விளிம்பு கிழிஞ்சிருக்காம். இன்னொரு தடவ நல்லா முறுக்குப்பட்டா இந்தக் கையால ஒரு பிள்ளையத் தூக்கக்கூட முடியாதாம். நான் மெதுவா, ஏப்ரல்ல ஒரு சின்னப் போட்டி இருக்குன்னேன்.

“எந்த வருஷத்து ஏப்ரல்?”னாங்க.

மச்சான், உண்மையச் சொல்றேன், நான் பயந்துட்டேன். உன்னப் பாத்து இல்ல.

ஜேகான்


யாராக்
மார்ச் 8

ஜேகான்,

என் பந்தயம் உன்னைக் கொன்றிருக்கும். இதை ஒரே ஒரு தடவை எழுதுகிறேன், அதற்குமேல் எழுதினால் மறுபடி அழுகை வரும். மன்னித்துக்கொள்.

செவ்வாய்க்கிழமை காத்திருப்பு அறையில் நாம் நடந்துகொண்ட விதத்தை நினைத்தால் இன்னும் வெட்கமாக இருக்கிறது. நான் தலையில் துண்டைப் போட்டு மூடிக்கொண்டு வந்தேன். நீ கறுப்புக் கண்ணாடி. கதவு அகலத்துக்கு இரண்டு பேர், ஒருவரையொருவர் தெரியாத மாதிரி எதிரெதிர்ச் சுவரைப் பார்த்துக்கொண்டு. உன் பக்கத்தில் இருந்த பிள்ளைத்தாய்ச்சி, “சுறா, கொஞ்சம் தள்ளி உட்காரு, பனைக்கு இடம் விடு” என்று சொன்னாளே, அப்போதாவது சிரித்திருக்கலாம். அங்கிருந்தவர்களுக்கு எல்லாமே தெரிந்திருந்தது. ஆனால் ஒருவரும் வெளியே சொல்லவில்லை. யாந்தே அவர்களிடம் என்ன சொல்லி வைத்தாள் என்று கேட்டுச் சொல்.

டாக்டர் என் முழங்காலைப் பார்த்தார்கள். உன் தோளைவிடப் பரவாயில்லை, ஆனால் ஏப்ரலில் இறங்கினால் தோளைவிட மோசமாகும் என்றார்கள். எனக்கும் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைக்கச் சொல்லி எழுதிக் கொடுத்திருக்கிறார்கள்.

நேற்று ஏற்பாட்டாளரிடம் போய்ப் போட்டியைத் தள்ளிவைக்க முடியுமா என்று பொதுவாகக் கேட்டுப் பார்த்தேன். அவர் சன்னலைத் திறந்து, எதிர்ச் சுவரில் ஒட்டியிருந்த நம் முகங்களைக் காட்டினார். யார் பின்வாங்கினாலும் மற்றவன் ஜெயித்ததாக அறிவிப்பேன் என்றார். அது என்னவென்று உனக்குத் தெரியும். பின்வாங்கியவனைப் பற்றிப் பாட்டுக் கட்டுவார்கள். அவன் பிள்ளைகள் பள்ளிக்கூடத்தில் அதைக் கேட்பார்கள்.

ஆனால் இருவரும் ஒரே மேடையில், ஒரே நேரத்தில் பின்வாங்கினால்? யாரை ஜெயித்தவன் என்று அறிவிப்பார்? பதினாறாம் தேதி மறுபடி டிவி முன்னால் நம்மை நிறுத்துகிறார்கள். மைக்கை முதலில் என்னிடம் தருவார்கள். நான் பேசுகிறேன். பிறகு நீ பேசு.

அன்சுமானா


தியாரோய்
மார்ச் 12

மச்சான்,

நீ சொல்றது புரியுது. நாலு நாளா அதையே மென்னுக்கிட்டு இருக்கேன்.

உனக்குப் பேச்சு வரும். எனக்கு மைக்கு முன்னால வர்றது ஒண்ணே ஒண்ணுதான், என் பெருமை. நான் சுறா, நான் இடி, நான் உங்கப்பன்னு கத்துவேன், தப்பு அடிப்பாங்க, ஆடுவேன். அங்க போய் எனக்குத் தோளு வலிக்குதுன்னு எப்படிடா சொல்றது? மோதூ என்னைப் பதினஞ்சு வயசுல ஜோவால்லேருந்து கூட்டிட்டு வந்தாரு. அவரு வீட்டுச் சட்டியிலதான் தின்னு வளந்தேன். அவர் மூஞ்சிக்கு முன்னால எப்படிச் சொல்றது?

இன்னொண்ணு. நீ பேசி முடிச்சதும் நான் பேசலன்னா, நான் ஜெயிச்சவன். ஒரு அடி படாம. இத நான் யோசிக்கலன்னு பொய் சொல்ல மாட்டேன். நீயும் யோசிச்சுக்கோ.

வருவேன். பேசுவேனான்னு தெரியல.

ஜேகான்


யாராக்
மார்ச் 19

ஜேகான்,

போன் திரும்பக் கிடைத்துவிட்டது. ஆனாலும் எழுதுகிறேன். போனில் திட்டினால் காற்றோடு போய்விடும். கடிதத்தை மடித்து வைத்துக்கொள்ளலாம்.

நீ நடந்ததை உள்ளேயிருந்து பார்த்தாய். நான் ஒரு முழ தூரத்திலிருந்து பார்த்தேன். அதைச் சொல்கிறேன், கேள்.

உன் கடிதத்தைப் படித்துவிட்டுத்தான் மேடை ஏறினேன். நீ பேசாமல் இருந்துவிடலாம் என்று தெரிந்தேதான் மைக்கை வாங்கினேன். முழங்கால், மாத்திரை, அடுப்பில் வெந்த பாதம் எல்லாவற்றையும் சொல்லி, நான் இறங்கப் போவதில்லை என்றேன். கூட்டம் ஊளையிட்டது. யாரோ தண்ணீர்ப் பையை என்மேல் வீசினார்கள். ஏற்பாட்டாளர் உன் கையைப் பிடித்து மேலே தூக்கினார், நீ ஜெயித்தாய் என்று காட்ட. இடது கையை.

நீ கத்தினாய். அப்படி ஒரு கத்தலை நான் கேட்டதில்லை. தப்புக்காரர்கள் அடிப்பதை நிறுத்திவிட்டார்கள். நீ அவர் கையிலிருந்து மைக்கைப் பிடுங்கிக்கொண்டு சொன்னது எனக்கு அப்படியே மனப்பாடம்.

“வலிக்குது. ரொம்ப நாளா வலிக்குது. நான் யானை மாதிரி இருக்கேன், ஆனா இந்த உடம்பு யாருதுன்னு எனக்கே தெரியல. மாத்திரை போட்டா அது எனக்குச் சேதி சொல்ல மாட்டேங்குது. இவன் பயந்தாங்கொள்ளின்னா நானும் பயந்தாங்கொள்ளி. ரெண்டு பேருக்கும் சேத்து ஒரே பாட்டாக் கட்டுங்க.”

அப்புறம் உன் பக்கத்துத் தப்புக்காரன், அந்த மொட்டைத்தலை, மெதுவாக அடிக்க ஆரம்பித்தான். ஒரு பாட்டு தானாக வந்தது. இப்போது தெருவில் பிள்ளைகள் பாடுகிறார்கள்: சுறாவுக்குத் தோள் வலி, பனைக்கு முட்டி வலி, ரெண்டுக்கும் நடுவில் டாக்டரம்மா. அசிங்கமான பாட்டுத்தான். ஆனால் ஆடுவதற்கு நன்றாக இருக்கிறது. நானே ஆடிப் பார்த்தேன், முட்டி மடக்காமல்.

நேற்று குஸ்திச் சங்கக் குழு கூடி நம் இருவரையும் இந்தப் பருவம் முழுக்கத் தள்ளி வைத்திருக்கிறது. மழைக்காலம் முடியும்வரை கோதாவில் கால் வைக்கக்கூடாதாம். டாக்டர் சொன்ன அதே காலம். தண்டனையை வாங்கிக்கொண்டு வெளியே வந்து சிரித்தேன். பத்திரிகைக்காரர்கள் எனக்குப் பித்துப் பிடித்துவிட்டது என்று எழுதியிருக்கிறார்கள்.

உன் வஸ்தாது எப்படி இருக்கிறார்?

அன்சுமானா


தியாரோய்
ஏப்ரல் 10

மச்சான்,

மோதூ மூணு வாரம் என்கூடப் பேசல. சட்டியில சோறு மட்டும் என் பக்கம் தள்ளி வைப்பாரு. மீன் துண்டத் தள்ள மாட்டாரு. அதுலேருந்தே கோவம் எவ்ளோன்னு தெரிஞ்சுக்கலாம்.

இப்ப நடக்கறதக் கேளு. நம்ம போய் மேடைல கத்தினதுக்கு அப்புறம் டாக்டரம்மா வீட்டு வாசல்ல, இல்ல, ஆஸ்பத்திரி வாசல்ல, பயில்வானுங்க கூட்டம். மொதல்ல ஒருத்தன் வந்தான், தங்கச்சிக்கு மருந்து வாங்க வந்தேன்னான். அப்புறம் ரெண்டு பேரு வழி தவறி வந்தாங்க. போன திங்கக்கிழமை பதினோரு பேரு. எல்லாரும் ஒரே பெஞ்சுல உக்காந்தாங்க. பெஞ்சு உடைஞ்சுடுச்சு. மடார்னு ஒரு சத்தம், தரைல பதினோரு பேரும். யாரு முதுகு முதல்ல மண்ணத் தொட்டுச்சுன்னு அங்கயே சண்டை. டாக்டரம்மா வெளிய வந்து பாத்துட்டு, இனிமே பயில்வான்கள் நின்னுக்கிட்டுத்தான் காத்திருக்கணும்னு எழுதி ஒட்டிட்டாங்க.

நேத்து நான் போனப்ப வரிசைல ஒருத்தர் செய்தித்தாளத் தூக்கி மூஞ்ச மறைச்சுக்கிட்டு நின்னாரு. தாளு தலைகீழா இருந்துச்சு. செருப்பப் பாத்தேன். மோதூ.

அவருக்கு முதுகுத்தண்டுல பழைய அடி. குஸ்திய விட்ட காலத்துலேருந்து அதே மாத்திரைய முழுங்கிக்கிட்டு இருக்காராம். எனக்கு மாத்திரை எங்கேருந்து கிடைச்சுதுன்னு அவரு ஏன் ஒரு நாளும் கேக்கலன்னு அப்பத்தான் எனக்குப் புரிஞ்சுது. பக்கத்துல போய் நின்னுக்கிட்டேன். கொஞ்ச நேரம் கழிச்சு, தாள இறக்காமலே, மதியம் சாப்பிட வரியான்னு கேட்டாரு. போனேன். பெரிய மீன் துண்டு என் பக்கம் இருந்துச்சு.

மாத்திரை இப்ப பாதிக்கும் கீழ வந்துடுச்சு. சில நாள் எரிச்சல் தலைக்கேறுது. அப்ப யாந்தே என்னைக் கடலுக்குள்ள தள்ளி விட்டுடறா. வேலை செய்யுது.

ஜேகான்


பிஞோனா பக்கம்
ஆகஸ்ட் 24

ஜேகான்,

ஊருக்கு வந்துவிட்டேன். நாற்று நடவு. முழங்கால் அளவு சேற்றில் நின்று குனிவதற்கு டாக்டர் அனுமதி கொடுத்தார்கள், தூக்குவதற்கு இல்லை. அதனால் பெண்களோடு நடவுக்கு நிற்கிறேன். என் அம்மா தலையில் அடித்துக்கொள்கிறாள். ஆனால் என் வரிசைதான் நேராக இருக்கிறது.

மாத்திரை நின்று ஒரு மாதமாகிறது. டாக்டருக்குப் போன் போட்டுச் சொன்னேன். நல்லது, இனி வலித்தால் உட்கார் என்றார்கள். இத்தனை படித்தவர்கள் சொல்லக்கூடிய வைத்தியமா இது என்று நினைத்தேன். செய்து பார்த்தேன். சரியாகத்தான் இருக்கிறது.

ஒரு விளக்கம் வேண்டும். யாந்தே ஏன் கப்பலேறி இந்தப் பக்கம் மீன் விற்க வருகிறாள்? எங்களுக்கு ஆறு நிறைய மீன் இருக்கிறது. இரண்டு தடவை வந்துவிட்டாள். விற்காத மீனையும் எங்கள் வீட்டிலேயே வைத்துவிட்டுப் போகிறாள். அம்மா அவளுக்கு எலுமிச்சை பிழிந்து மீன் குழம்பு வைக்கிறாள். எனக்கு வைப்பதில்லை.

அன்சுமானா


ஜோவால்
டிசம்பர் 15

மச்சான்,

யாந்தேவைப் பத்தி எங்கிட்ட எதுக்கு விளக்கம் கேக்கற? மீன் எங்க நல்லா விலை போகும்னு அவளுக்குத் தெரியும்.

எங்க ஊருல அறுவடை முடிஞ்சுது. ஜனவரி நடுவுல கோதா. குத்து கிடையாது, பிடி மட்டும். கம்பு வயலுக்குப் பக்கத்துல மணல் கொட்டி, பொண்ணுங்க பாடி, தப்பு அடிச்சு, பரிசு ஒரு காளை. டிவி கிடையாது, ஏற்பாட்டாளர் கிடையாது. டாக்டரம்மா என் தோளத் திருப்பிப் பாத்துட்டு, பிடி மட்டும்னா சரின்னுட்டாங்க. உன் முட்டியக் காட்டிட்டு வா.

ஏப்ரல் பாக்கி அப்படியே இருக்குடா, பனை.

சுறா


ஜோவால்
ஜனவரி 19

மச்சான்,

நீ கப்பலேறிட்ட. ஊரு இன்னும் தூங்கல. என்னைத் தோள்ல தூக்கிக்கிட்டு ஊரச் சுத்தினாங்க, நல்ல தோள்பக்கம் பாத்துப் பிடிச்சாங்க. காளை எங்க வீட்டு வாசல்ல நிக்குது. நான் சந்தோசமாத்தான் இருக்கணும். ஆனா அது என்னை முறைக்குது.

திரும்பத் திரும்ப அந்த ஒரு பிடியத்தான் நினைச்சுக்கிட்டு இருக்கேன். நீ என் இடுப்புத் துணியப் பிடிச்சுட்ட. என் இடது கைய மேல தூக்கி முறுக்கின. சுருக்குன்னு வலிச்சுது. ஐயோன்னு என்னையறியாம வந்துடுச்சு. உடனே உன் கை தளந்துச்சு. எனக்கு அது தெரிஞ்சுது. தெரிஞ்சும் என் வலது கை சும்மா இருக்கல. உன் காலுக்குள்ள காலப் போட்டேன். நீ மல்லாக்க விழுந்து வானத்தப் பாத்துச் சிரிச்சுக்கிட்டுக் கிடந்த.

நேராச் சொல்லு. நான் ஜெயிச்சேனா, இல்ல நீ குடுத்தியா? குடுத்திருந்தன்னா காளைய அடுத்த கப்பல்ல ஏத்தி அனுப்பிடுவேன். எங்க ஊரே சிரிச்சாலும் பரவால்ல.

ஜேகான்


பிஞோனா பக்கம்
ஜனவரி 27

ஜேகான்,

காளையைக் கப்பலில் ஏற்றாதே. அது கடலில் வாந்தி எடுக்கும். கப்பல்காரர்கள் என் பெயரைச் சொல்லித் திட்டுவார்கள்.

நான் ஒன்றும் கொடுக்கவில்லை. உன் முனகல் கேட்டது. அந்தப் பிடி இனி ஆகாது என்று கையை மாற்றினேன். இடுப்புக்குக் கீழே பிடிக்கப் போனேன். போவதற்குள் நீ முந்திக்கொண்டாய். அதற்குப் பெயர் தோல்வி. குப்புற விழுந்தாலும் மீசையில் மண் ஒட்டவில்லை என்று சொல்கிற ஆள் நானில்லை. மல்லாக்க விழுந்தேன், முதுகெல்லாம் மண். உங்கள் ஊர் மண் நன்றாகவே ஒட்டுகிறது. குளித்தும் போகவில்லை.

சிரித்ததற்குக் காரணம் வேறு. விழுந்தபோது எனக்கு எல்லாம் வலித்தது. முதுகு, முட்டி, மண்ணில் தேய்ந்த முழங்கை. ஒவ்வொன்றும் தனித்தனியாக, தன் பெயரைச் சொல்லிக்கொண்டு வலித்தது. எல்லோரும் வீட்டில்தான் இருக்கிறார்கள் என்று தோன்றியது. அதனால் சிரித்தேன்.

திரும்பி வரும்போது மேல்தளத்தில் உட்கார்ந்திருந்தேன். சிகின்ஷோர் துறைமுகம் நெருங்க நெருங்க ஆற்றில் டால்பின்கள் கப்பலோடு குதித்து வந்தன. ஒரு கிழவர் என்னை அடையாளம் கண்டுகொண்டு, செரேர்க்காரனிடம் தோற்றுவிட்டு எந்த முகத்தோடு ஊருக்குள் வருகிறாய் என்று கேட்டார். இதே முகம்தான் என்றேன். அவர் பையிலிருந்து வேர்க்கடலை எடுத்துக் கொடுத்தார்.

துறையில் இறங்கியபோது அம்மாவும் யாந்தேவும் நின்றிருந்தார்கள். உன் தங்கை என்னைப் பார்த்ததும், “எங்கண்ணன் உன்னை மண்ணக் கவ்வ வச்சானாமே, வாயக் காட்டு” என்று கேட்டாள். மற்றதை அவளே உனக்குச் சொல்வாள். கோபப்படாமல் கேள்.

துறையிலிருந்து மேட்டுக்குப் படி ஏற வேண்டும். பாதிப் படியில் முழங்கால் முனகியது. நான் பேசாமல் ஏறினேன். மறுபடி முனகியது. கேட்குது, கேட்குது என்று அதனிடம் சொல்லிவிட்டு, அங்கேயே படியில் உட்கார்ந்துகொண்டேன். அவர்கள் இருவரும் கூடையை இறக்கி வைத்துவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தார்கள். கீழே ஆறு நிறைய வெயில். யாருக்கும் அவசரமில்லை.

அன்சுமானா